ஆசனக் கணக்கும் மக்கள் இசைவும்

பாராளுமன்றத்தில் உயரும் கைகளே மக்களின் விருப்பம் என்று கொள்வது நமது வழக்கம். ஆனால், வாக்குப் பெட்டிக்கும் ஆசனத்துக்கும் இடையே தேர்தல் முறை என்றொரு தராசு தொங்குகிறது. அத்தராசு எப்படி நிறுக்கிறது என்று கேளாமல், ஓர் அரசுக்கு மக்களின் இசைவு எவ்வளவு உண்டென்று சொல்ல முடியாது. இலங்கையின் அனுபவமே இதற்குச் சான்று.

1931ஆம் ஆண்டு இத்தீவுக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் ஆதரவோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்கு என்று விதித்தது. இலட்சக்கணக்கான தொழிலாளர் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தனர். எனினும் 1952ஆம் ஆண்டுத் தேர்தல், அவர்களையும் எண்ணி வகுத்த பழைய தொகுதிகளிலேயே நடந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற தலைக்கணக்கில் அவர்கள் இருந்தார்கள். வாக்குக் கணக்கில் இல்லை. கொழுந்து பறித்தவர்களின் தொகை மற்றவர்களின் வாக்குக்கு எடை கூட்டியது.

தராசின் கோணல் அவர்களோடு நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணி ஏறத்தாழ அரைப்பங்கு வாக்குகளால் 151 ஆசனங்களுள் 116ஐக் கைப்பற்றியது. முன்னணியின் தலைமைக் கட்சியான ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைவிடச் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை பதினேழே. சமசமாஜக் கட்சிக்குப் பத்தொன்பதும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆறும் கிடைத்தன. முற்போக்காளர் மகிழ்ந்தனர், தராசைப் பற்றி அன்று அதிகம் பேர் கேட்கவில்லை. அந்தப் பலத்தைக் கொண்டே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிறைவேறியது. தமிழரசுக் கட்சி அதற்கு முந்திய ஆண்டே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது.

1977ஆம் ஆண்டில் அதே தராசு மறுபுறம் சாய்ந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளால் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்றது. ஏறத்தாழ முப்பது வீத வாக்குகள் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்கள். இரு இடதுசாரிக் கட்சிகளுக்கும் ஒன்றேனும் இல்லை. இந்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை இயற்றியது. 1982ஆம் ஆண்டு, பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பொன்றை நடத்தித் தன் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்கொண்டது.

அந்த 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பே விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்தது. ஆனால், அம்முறையில் முதலாவது பொதுத் தேர்தல் நடக்க 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையில் நாடு உள்நாட்டுப் போரில் வீழ்ந்திருந்தது. போருக்குத் தேர்தல் முறை ஒன்றே காரணமென்று கூறுதல் மிகையாகும். எனினும் தோற்றவனின் குரலும் சபையில் அளவறிந்து ஒலிக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், வாக்குச் சீட்டின் மீது மதிப்பு எப்படி நிலைக்கும்?

வென்றவனுக்கு எந்த முறையும் நீதியாகவே தோன்றும். ஆகவே தேர்தல் முறையை அளக்கும் கோல் தோற்றவனின் கையில் இருக்க வேண்டும். இடாப்பில் பெயரே இல்லாதவனின் கையில் அதற்கும் முன்பாக இருக்க வேண்டும். நமக்குச் சாதகமாகச் சாயும் நாளிலும் தராசைக் கேள்வி கேட்பதே ஜனநாயகவாதியின் கடமை.