ராமென் கிண்ணத்துக்குப் பின்னால் நின்றவர்கள்



கடந்த வாரம் ஒன்பதாம் தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் முடியும் நேரம், ஒரு மாணவன் எழுந்து, "சேர், ராமென் ஹலாலா?" என்று கேட்டான். நருட்டோ கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய கேள்வி. அதில் வரும் பையன் நேரம் கிடைத்தால் ஒரு சின்னக் கடைக்குப் போய் கிண்ணம் கிண்ணமாக நூடில்ஸ் உறிஞ்சுவான். "ராமென் ஜப்பானுக்கு வந்ததே சீனர்களிடமிருந்துதான்" என்று நாம் சொல்லி முடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சீ, பாம்பும் தவளையும் தின்கிறவனின் சாப்பாடா!" வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வெளியே வந்தோம். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கடையைப் பற்றி. ஜப்பானில் ஊருக்கு ஊர் ராமென் கடை இருக்கிறது. பல கடைகள் நம் ஊர்த் தேநீர்க்கடை அளவுதான். நீளமான ஒரு மேசை, அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு முக்காலிகள், எதிரே கொதிக்கும் பெரிய பானைகள். பல கடைகளில் வாசலில் உள்ள இயந்திரத்தில் காசைப் போட்டு டிக்கட் எடுக்க வேண்டும். கிண்ணம் வந்ததும் சூடு ஆற முன், சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. சாப்பிட்டதும் அடுத்தவருக்கு இடம்விட்டு எழும்ப வேண்டும். சில கிண்ணங்களின் மேல், இளஞ்சிவப்புச் சுழி போட்ட வெள்ளை மீன் துண்டு ஒன்று மிதக்கும். அதன் பெயரும் நருட்டோதான்.

இந்தக் கிண்ணம் ஜப்பானுக்கு எப்படி வந்தது? 1859இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. வெள்ளைக்கார வியாபாரிகளோடு சீனர்களும் வந்தார்கள். கணக்கர்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள் என்று வந்தவர்கள் ஒரு தெருவில் குடியேறினார்கள். அவர்களுடைய நூடில்ஸில் ஒரு விசேஷம் இருந்தது. கோதுமை மாவைப் பிசையும்போது, நம் அப்பச்சோடாவுக்கு உறவான கார உப்புகள் கலந்த நீரைச் சேர்த்தார்கள். மஞ்சள் நிறமும் இழுவையும் வருவது அதனால்தான். ஜப்பானியர் அதை 'சீனச் சோபா' என்று அழைத்தார்கள். சோபா என்றால் அவர்கள் மொழியில் நூடில்ஸ்.

1910இல் யோகோஹாமா சுங்கத்தில் வேலை பார்த்த ஒசாகி கனிச்சி என்ற ஜப்பானியர், டோக்கியோவின் அசகுசா பகுதியில் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்தார். யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை அழைத்து வந்தார். முதலாளி ஜப்பானியர், சமையல் சீனர், சாப்பிடுகிறவர்கள் சாதாரண நகரத்து மக்கள். ராமென் கடைகளின் வரலாற்றைப் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வடக்கே சப்போரோ நகரத்தில் ஒரு கதை சொல்வார்கள். 1920களின் தொடக்கத்தில் அங்கே தக்கேயா என்றொரு கடை, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சீனச் சமையற்காரர் ஒருவர் வேலை செய்தார், சீன மாணவர்களும் வந்து சாப்பிட்டார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்கள் சீனரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் அந்த நூடில்ஸைக் கேட்பார்களாம். முதலாளியின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. யார் மனமும் நோகாத வேறு பெயர் வேண்டுமென்று 'ராமென்' என்ற சொல்லை அவர் வைத்தாராம். இந்தச் சொல்லின் பிறப்பு பற்றி வேறு கதைகளும் உண்டு. ஆனாலும் ஒரு கடைக்காரப் பெண், தன் சமையற்காரரின் மானத்துக்காக உணவின் பெயரை மாற்றினார் என்று ஓர் ஊர் இன்றும் சொல்லிக்கொள்வது நல்ல விடயம்தான்.

அதே காலத்தில் தலைநகரில் நடந்தது வேறு. 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி, பகல் சமையல் நேரத்தில், டோக்கியோவையும் யோகோஹாமாவையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தீ பரவி ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அன்றே வதந்தி கிளம்பியது: "கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள்." பொலிஸும் இராணுவமும் ஊர்க்காவல் கும்பல்களும் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. நூற்றுக்கணக்கான சீனர்களும் கொல்லப்பட்டார்கள். வீதியில் மறித்து, கொரியர் நாக்குக்கு எளிதில் வராத "பதினைந்து யென் ஐம்பது சென்" என்ற தொகையை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புப் பிழைத்தால் உயிர் போனது. நம் நாட்டில் 'பால்திய' என்று சொல்லச் சொன்ன கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இடிந்த நகரத்தில் பிறகு தள்ளுவண்டிகள் பெருகின. அவற்றில் விற்ற மலிவான சூடான சாப்பாடுகளில் சீன நூடில்ஸும் ஒன்று. அயலவனைக் கொன்ற நகரம், அயலவன் கற்றுக்கொடுத்த உணவால் பசியாறியது.

அடுத்தது யுத்தம். 1945இல் ஜப்பான் தோற்றபோது விளைச்சலும் பொய்த்திருந்தது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த அரிசியும் நின்றுபோனது. பங்கீட்டு அரிசி போதவில்லை. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. நம்மில் மூத்தவர்கள் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்று சொல்வது போல, அங்கும் அந்த மாதான் உயிர் காத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்தார்கள். கறுப்புச் சந்தைக்குப் போன மா, வண்டிக்கடைகளில் நூடில்ஸ் ஆனது. சீனாவிலிருந்து திரும்பிய ஜப்பானியரும், போக்கிடமில்லாத கொரியரும் சீனரும் அந்த வண்டிகளைத் தள்ளினார்கள்.

ஒசாக்காவில் அப்படி ஒரு வண்டியின் முன்னால், குளிரில் நீண்ட வரிசையில் மக்கள் நின்றதைக் கண்டதாக மொமொஃபுக்கு அண்டோ பின்னாளில் சொன்னார். அவர் 1910இல் தைவானில் பிறந்தவர், சீன வம்சத்தவர். வியாபாரத்தில் நொடித்துப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருந்து முயன்று, நூடில்ஸை எண்ணெயில் பொரித்துக் காயவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1958இல் 35 யென்னுக்கு 'சிக்கின் ராமென்' கடைக்கு வந்தது. 1971இல் கப் நூடில்ஸ் வந்தது. நாம் அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போடும் நூடில்ஸ் பக்கற்றின் தொடக்கம் அந்தக் கொட்டில்தான். 'ராமென்' என்ற சொல் ஜப்பான் முழுக்கப் பரவியதும் அதன் பிறகுதான்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். வழக்கமான ராமென் ஹலால் அல்ல. 1937இல் குருமே என்ற ஊரில் தொடங்கிய வகையின் சாறே பன்றி எலும்பில்தான் எடுக்கிறார்கள். வேறு கடைகளிலும் மேலே பன்றி இறைச்சித் துண்டு, சாற்றில் பன்றிக் கொழுப்பு, சுவைக்கு அரிசி மது என்று சேரலாம். ஆனால் கோழி எலும்பிலும் மீனிலும் கடற்பாசியிலும் நல்ல சாறு எடுக்கலாம். டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் ஹலால் ராமென் கடைகள் இருக்கின்றன. வாகன வியாபாரத்துக்கும் படிப்புக்கும் அங்கே போகும் நம் பிள்ளைகள் கேட்டு, உறுதிப்படுத்திச் சாப்பிடலாம்.

ஒன்றைச் சாப்பிடாமல் விடுவது நம் மார்க்கம். அதைச் சாப்பிடுகிறவனைப் பார்த்து "சீ" என்பது மார்க்கம் அல்ல.

இதை நாம் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் பரிமாறிய உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்றார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தபோது அது மருந்தல்ல, மாக்கட்டி. அதே கோதுமை மா. கிணற்றில் நஞ்சு, கறியில் மாத்திரை. தொண்ணூற்றைந்து ஆண்டு கழிந்தும் வதந்தி மாறவில்லை. அன்று அந்த ஹோட்டல்காரரின் இடத்தில் நின்று துடித்த நாம், 2020இல் நோய் பரவியபோது சீனரின் சாப்பாட்டைக் கேலி செய்த பதிவுகளை எத்தனை பேர் பகிர்ந்தோம்? அந்தப் பின்வரிசைப் பையன் அதை வேறெங்கோ கற்கவில்லை. நம் வீடுகளில்தான் கேட்டான்.

அதனால் அவனைத் தண்டிக்கவில்லை. வகுப்புக்கே ஒரு வீட்டுவேலை கொடுத்தோம். உம்மும்மாவிடமோ வாப்பும்மாவிடமோ கேட்டு, வீட்டில் சமைக்கும் ஓர் உணவு யாரிடமிருந்து நமக்கு வந்தது என்று எழுதி வர வேண்டும். வட்டிலப்பம் மலாய் சகோதரர்கள் தந்தது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தப் பையன் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "நூடில்ஸ் பக்கற், சீனரும் ஜப்பானியரும் தந்தது."

அதற்குச் சரி போட்டோம்.