உத்பாஸ்து, அகதி, குடிமகன்

பெஹாலா, யாதவ்பூர், டாலிகஞ்ச் முதலிய தென்கல்கத்தாப் பகுதிகளில் 'காலனி' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. 1947இன் நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து வந்தோர் அமைத்த குடியிருப்பையே அது குறிக்கும். இசைவின்றிப் பிறர் நிலத்தில் எழுந்தவை 'ஜபர்தகல் காலனி' எனப்பட்டன. 'ஜபர்' வலு, 'தகல்' கைக்கொள்ளல். நம் நீதிமன்றத் தமிழின் 'தாக்கல்' என்பதும் இதே அரபு வேரினது. அங்கே மக்கள் நிலத்தினுள் புகுந்தனர், இங்கே மனு அலுவலகத்தினுள் புகுகிறது.

வந்தோரைச் சுட்ட வங்காளத்தில் பல சொற்கள் வழங்கின. 'சரணார்த்தி' அடைக்கலம் வேண்டுபவர், 'உத்பாஸ்து' மனையினின்று பெயர்ந்தவர், 'பாஸ்துஹாரா' மனையிழந்தவர். 1950இல் தோன்றிய ஏதிலியர் கூட்டமைப்பு தன் பெயரில் 'பாஸ்துஹாரா' என்பதையே கொண்டது. இச்சொல் இரத்தலைக் கூறாது இழப்பைக் கூறுகிறது. இழந்தவர் ஈடு கோரலாம். தமிழின் 'அகதி' கதியின்மையை மட்டுமே உணர்த்துவது. உத்பாஸ்துவை 'அகதி' என்று பெயர்க்கும்போது அந்த உரிமைக்குரல் அடங்கிவிடுகிறது என்பதே என் கருத்து.

அரசோ நாள்களால் பிரித்தது. 31-3-1958 வரை வந்தோர் பழைய இடம்பெயர்ந்தோர். 1-1-1964 முதல் 25-3-1971 வரை வந்தோர் புதியோர். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்தோர் எவ்வகையிலும் சேரவில்லை.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இந்திய மண்ணில் பிறத்தலே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. 1-7-1987 முதல் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். 3-12-2004 முதல் மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாய் இருத்தலாகாது. மண் பின்தங்கிக் குருதி முன்வந்தது. 'அகதி'க்கு வரையறை தராத இச்சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' வரையறை பெற்றுள்ளமை நோக்கத்தக்கது. தமிழில் 'குடியேறி', 'குடிமகன்' இரண்டும் ஒரே 'குடி'யிலிருந்து பிறந்தவை. வங்காளத்தின் 'நாகரிக்' நகரத்தினின்று வந்தது. ஆகவே சட்டம் எதிரெதிராக நிறுத்துவோரை நம் மொழி ஓரினமாகவே காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது சிறு இடரன்று.

நம்மிடையிலும் இவ்வாறே. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். அவருட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். முன்பு காணாத மண்ணுக்குத் 'திரும்பினர்'. அவர்க்குக் குடியுரிமை ஒப்பந்தத்திலேயே உறுதியாயிற்று. 1983க்குப்பின் வந்த ஈழத்தமிழர்க்கு அவ்வுறுதி இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சுட்டிய மூன்று நாடுகளுள்ளும் இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறிற்று; உள்ளிருப்போர் குடிமக்கள் ஆகிவிடவில்லை.