போட்டி போட்டால்தான் காசு: பிரித்தானிய நகரங்களின் கதை

பின்தங்கின ஒரு பிரதேசத்தைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் காசு குடுக்கிறதெண்டால் ரெண்டு வழி இருக்கு. எத்தனை பேருக்கு வேலையில்லை, வீடுகள் என்ன நிலைமையில இருக்கு எண்டு கணக்குப் பார்த்து, கஷ்டம் கூடின இடத்துக்குக் கூடக் குடுக்கலாம். இல்லையெண்டால், "எல்லாரும் திட்டம் எழுதி அனுப்புங்கோ, நல்லதை நாங்கள் தெரிவு செய்யிறம்" எண்டு போட்டி வைக்கலாம். ரெண்டாவது வழி கேட்க நல்லாத்தான் இருக்கு. திறமைக்குப் பரிசு, இல்லையா? அதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பிரித்தானியா.

கதை லிவர்பூலில் தொடங்குகிறது. 1981 ஜூலையில் அங்கே டொக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தது. பொலிஸ் மீதான கறுப்பின இளைஞர்களின் கோபம் ஒரு பக்கம், துறைமுகத்தோடு சேர்ந்து செத்துப்போன வேலைகள் இன்னொரு பக்கம். அப்போதைய சுற்றாடல் அமைச்சர் மைக்கல் ஹெசெல்டைன் நேரில் போய் நிலைமையைப் பார்த்துவிட்டு, இந்த நகரத்துக்கு உதவத்தான் வேண்டும் எண்டு பிரதமர் தட்சரிடம் வாதாடினார். நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் எழுதினதோ வேறு மாதிரி: லிவர்பூலில் காசைக் கொட்டாமல், அது மெல்ல மெல்லத் தேய்வதை நிர்வகிக்கிற வழியையும் யோசிக்கலாம் எண்டு. 30 வருஷம் கழித்து அரச கோப்புகள் திறக்கப்பட்டபோதுதான் இது வெளியில் வந்தது.

ஆக, ஹெசெல்டைன் நகரங்கள் மீது அக்கறை இருந்த ஆள்தான். அதை மறுக்கேலாது. ஆனால் பதிப்பகத் தொழிலில் பணக்காரரானவர், போட்டியில் நம்பிக்கை உள்ளவர். 1990 கடைசியில் திரும்பவும் அதே அமைச்சுக்கு வந்தவர், அடுத்த வருஷமே 'சிட்டி சலேஞ்ச்' எண்ட திட்டத்தை அறிவித்தார். உள்ளூராட்சி சபைகள் வியாபாரிகளையும் குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டு திட்டம் போடவேண்டும், வெல்லுகிற சபைக்கு ஐந்து வருஷத்தில் 37.5 மில்லியன் பவுண். முதல் சுற்றில் 11 இடங்கள் வென்றன. அடுத்த சுற்றில் 57 சபைகளுக்குத் தகுதி இருந்தது, வென்றது 20.

இந்த 37.5 மில்லியனைக் கொஞ்சம் கவனியுங்கோ. வென்ற 31 இடங்களுக்கும் ஒரே தொகை. சனத்தொகை கூடினாலும் குறைஞ்சாலும், வறுமை எவ்வளவு எண்டாலும் அதே காசு. இதைவிட முக்கியம், அது புதுக் காசே இல்லை. நகரங்களுக்கெண்டு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த நிதிகளில் இருந்து வெட்டி எடுத்ததுதான். 1968 முதல் வறிய நகர்ப்பகுதிகளுக்குப் போய்க்கொண்டிருந்த நகரத் திட்ட நிதியும் கொஞ்சக் காலத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. தோற்ற ஊர் பரிசை மட்டும் இழக்கவில்லை. முந்திக் கிடைத்ததும் இல்லாமல் போச்சு.

வென்ற இடங்களில் என்ன நடந்தது? மன்செஸ்டரின் ஹியூம் பகுதியைப் பார்க்கலாம். பிறை வடிவில் வளைஞ்ச நாலு பெரிய தொடர்மாடிகள் அங்கே 1972இல் கட்டி முடிக்கப்பட்டன. சூடேற்றக் கட்டுப்படியாகாது, பூச்சித் தொல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத பல்கனிகள். 1974இல் ஒரு குழந்தை விழுந்து செத்தது. கொஞ்ச வருஷத்திலேயே குடும்பங்கள் வெளியேற, மாணவர்களும் இசைக்காரர்களும் வந்து குடியேறினார்கள். (ஜோய் டிவிஷன் ஆரம்பத்தில் வாசித்த 'ஃபக்டரி' இசை இரவுகள் 1978இல் தொடங்கினதும் ஹியூமில்தான். இடிஞ்ச ஊர்களில் நல்ல பாட்டு வாறது ஏனோ தெரியேல்லை.) சிட்டி சலேஞ்ச் காசு வந்த பிறகு அந்தத் தொடர்மாடிகள் இடிக்கப்பட்டு, தெருக்களும் சாதாரண வீடுகளும் திரும்ப வந்தன. குடியிருப்பாளர்களோடு கதைத்து, அவர்களையும் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். அது உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் அந்த வீடுகள் இடிக்கப்பட வேண்டியவை எண்டு போட்டி வைத்துத்தானா கண்டுபிடிக்க வேணும்?

1994இல் ஐந்து அமைச்சுகளின் 20 திட்டங்களை ஒண்டாக்கி இன்னும் பெரிய போட்டி நிதி வந்தது. பிறகு வந்த தொழிற்கட்சி அரசாங்கமும் அதைத் தொடர்ந்தது. ஆனால் 1998இல் அவர்களே தொடங்கின இன்னொரு திட்டத்தில் மிக வறிய 39 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட 50 மில்லியன் பவுண் குடுத்தார்கள். எந்தச் சபைக்கு எண்டதை முதலில் வறுமைக் கணக்குத்தான் தீர்மானித்தது. போட்டி இல்லாமலும் செய்யலாம் எண்டதுக்கு இது போதும்.

கடைசியில் வந்தது 'லெவலிங் அப்' நிதி, 4.8 பில்லியன் பவுண். 2010க்குப் பிறகு சபைகளின் வரவுசெலவு கடுமையாக வெட்டப்பட்டிருந்த காலம் அது. திட்டமிடல் ஆட்களையே வேலையால் நிறுத்தின சபைகள், விண்ணப்பம் எழுத ஆலோசனை நிறுவனங்களுக்குக் காசு கட்டின. ஒரு போட்டி விண்ணப்பத்துக்குச் சராசரியாக 30,000 பவுண் போகுது எண்டு உள்ளூராட்சிச் சங்கம் கணக்குச் சொன்னது. 2023 ஜனவரியில் ரெண்டாம் சுற்று முடிவு வந்தபோது 500க்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் வென்றது 111. ஆளுங்கட்சியைச் சேர்ந்த வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் அன்டி ஸ்ட்ரீட் கூட, பிச்சைப் பாத்திரம் ஏந்த வைக்கிற முறை இது எண்டு வெளிப்படையாகவே கோபப்பட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. முதல் சுற்றில் வென்ற இடங்களுக்கு இந்த முறை இல்லை எண்டு அமைச்சர்கள் இடையில் முடிவெடுத்திருந்தார்கள், அதுவும் விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்த பிறகு. 55 சபைகளின் விண்ணப்பங்களுக்கு வெல்ல வாய்ப்பே இருக்கவில்லை எண்டு பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழு பிறகு சொன்னது. ஆலோசகர்களுக்குக் கட்டின காசு போனது போனதுதான்.

அந்த வருஷம் நவம்பரில் மூன்றாம் சுற்று வந்தது. அதுக்குப் புதுசாக விண்ணப்பமே கேட்கவில்லை. முந்தி தோற்ற விண்ணப்பக் குவியலுக்குள் இருந்தே 55 திட்டங்களைத் தெரிவு செய்து, கிட்டத்தட்ட ஒரு பில்லியன் பவுணை அறிவித்தார்கள்.