நேராக்கப்பட்ட நதி

ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, கான்ஸ்டன்ஸ் ஏரியில் புகுந்து வெளிப்பட்டு, சிறிது தூரம் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் எல்லையாக ஓடி, நெதர்லாந்தில் வட கடலில் கலக்கிறது ரைன் நதி. நீளம் சுமார் 1,230 கி.மீ. ரோமானியருக்கு இது பேரரசின் எல்லைக்கோடு. இன்றோ ஐரோப்பாவின் முதன்மையான நீர்வழி. பாசல் முதல் ராட்டர்டாம் துறைமுகம் வரை எண்ணெய், நிலக்கரி, தாதுப்பொருள், தானியம் எல்லாம் இதன் மேல் செல்கின்றன. சுமார் 3 கோடி மக்களுக்கு இதுவே குடிநீர்.

ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாசலுக்கு வடக்கே ரைன் பல கிளைகளாகப் பிரிந்தும் பாம்புபோல் வளைந்தும் ஓடியது. வெள்ளத்தில் தடம் மாறிக் கிராமங்களை அழித்தது. சதுப்பு நிலங்களில் கொசு பெருகி மலேரியா மக்களை வாட்டியது. பாடன் நாட்டுப் பொறியாளர் துல்லாவின் திட்டப்படி 1817-ல் வளைவுகளை வெட்டி ஆற்றை ஒரே தடத்தில் செலுத்தும் வேலை தொடங்கியது. அவர் 1828-ல் மறைந்தார். வேலை முடிந்தது 1876-ல். பாசலிலிருந்து வோர்ம்ஸ் வரை 354 கி.மீ. ஓடிய ஆறு 273 கி.மீ. ஆகச் சுருங்கியது. சதுப்பு வற்றியது, நோயும் குறைந்தது.

இங்கே ஓர் எளிய பௌதிக உண்மையைக் கவனியுங்கள். இரு ஊர்களுக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு மாறவில்லை. பாதை மட்டுமே குறைந்தது. எனவே சராசரிச் சரிவு சுமார் 30 சதவீதம் கூடியது. சரிவு கூடினால் வேகம் கூடும். வேகமான நீர் தன் படுகையையே அரிக்கும். அவ்வாறே நடந்தது. படுகை தாழ்ந்தது, நிலத்தடி நீர்மட்டமும் இறங்கியது. வெள்ளம் முன்னைவிட விரைவாகக் கீழேயுள்ள நகரங்களைத் தாக்கியது.

1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே ஓர் இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த நீரோடு பூச்சிகொல்லிகள் ஆற்றில் கலந்து, மீன்கள் ஏராளமாக மடிந்தன. அடுத்த ஆண்டே கரையோர நாடுகள் கூட்டுத் திட்டம் வகுத்தன. மறைந்துபோன சால்மன் மீன்கள் பின்னர் திரும்பி வரலாயின.

2018-ல் நீண்ட வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்தது. படகுகள் வழக்கமான சுமையில் ஒரு பகுதியையே ஏற்ற முடிந்தது. கரையிலுள்ள தொழிற்சாலைகள் சில உற்பத்தியைக் குறைத்தன.

இன்று ரைன் கரையில் பல இடங்களில் பழைய வெள்ளச் சமவெளிகளைப் பொறியாளர்கள் ஆற்றுக்கு மீண்டும் திறந்துவிடுகிறார்கள். வெள்ளம் அங்கே பரவித் தங்கினால், கீழேயுள்ள நகரங்களை அடையும் நீரின் உச்சம் தணியும். துல்லா காலத்தில் ஆற்றிடமிருந்து வாங்கிய நிலத்தில் ஒரு சிறு பங்கு இவ்வாறு திருப்பித் தரப்படுகிறது.