தேருன்னு சொன்னாத்தான் விடுவாவ

ஆனி மாசம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு எங்க ஊர்ல உள்ளூர் விடுமுறை விடுறது வழக்கம். (வெளியூர்க்காரங்களுக்கு: எங்களுக்கு இது இன்னொரு தீபாவளி.) அன்னைக்கு டவுன் ரத வீதியில நின்னு பார்த்தா, கூட்டத்துல ஜோடி ஜோடியா கண்ணுல படுறது அம்மாவும் மகளும்தான். தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிடணும், காந்திமதி அம்மனைப் பார்க்கணும், வளையல், சொப்பு சாமான், சாயங்காலம் இருட்டுக்கடை தொறந்ததும் கால் கிலோ அல்வா. அவ்வளவுதான் திட்டம்.

இதுல என்னய்யா வரலாறுன்னு கேக்கீங்களா? இருக்கு. எங்க தெருவுல இருந்த ஒரு ஆச்சி சொல்லுவாங்க: "ஏளா, தேருன்னு சொன்னாத்தான் வீட்ல விடுவாவ. கடைக்குன்னா விடமாட்டாவ." சாமி பேரைச் சொன்னாத்தான் பெண்களுக்கு வாசப்படி தாண்ட அனுமதி. ஆனி முடிஞ்சா ஆடிப்பூரம், அம்மனுக்கு வளைகாப்பு. பிறகு நவராத்திரி. ஐப்பசியில திருக்கல்யாணம். வருஷத்துக்கு இந்த நாலைஞ்சு நாள்தான் அவங்க கணக்கு. அந்த நாலைஞ்சு நாளும் எல்லா அம்மா மகளுக்கும் கிடைச்சிடலை என்பதுதான் விஷயம்.

முதல் தடை, ஆறு. பாளையங்கோட்டை கிழக்குக் கரையில, டவுன் மேற்குக் கரையில. ஆனி மாசம் தென்மேற்குப் பருவமழை பொதிகையில இறங்குற நேரம். அதாவது தேர் வரும்போதே தாமிரபரணியில தண்ணியும் வரும். படகை விட்டா வழியில்லாத காலத்துல, கைப்பிள்ளையோட ஒரு பெண் அக்கரைக்குப் போறதை நினைச்சுப் பாருங்க. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார், ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டின பாலம் 1843-ல திறந்தது. பதினோரு வளைவு. லண்டன்ல அப்ப இருந்த பழைய வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துப் போட்ட வடிவம்னு சொல்லுவாங்க. பணம் பத்தாதப்ப அவர் மனைவி தன் நகைகளைக் கழட்டிக் கொடுத்தாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. 1869 வெள்ளம் பாலத்துல ஒரு பகுதியைக் கொண்டு போச்சு, திரும்பக் கட்டினாங்க. அவர் பேர்லயே இன்னைக்கும் நிக்குது.

ரெண்டாவது தடை, தூரம். 1876-ல மணியாச்சியில இருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1904-க்குள்ள செங்கோட்டை வழியா கொல்லம் வரைக்கும் பாதை இணைஞ்சது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிக்காரங்க மாட்டுவண்டியை நம்பி இருந்தது போய், ரயிலேறி டவுனுக்கு வர முடிஞ்சது. வர்ற கூட்டத்துக்குக் கடைகளும் பெருகுச்சு. ஆரெம்கேவி டவுன்ல ஆரம்பிச்சது 1924-ல. கோயிலுக்குன்னு கிளம்பிட்டு அப்படியே கடைக்கும் போற நம்ம அம்மாக்களோட தந்திரம் எவ்வளவு பழசுன்னு யோசிச்சுக்கோங்க :-)

மூணாவது தடையை ஆத்தாலயும் ரயிலாலயும் விளக்க முடியாது. பாலத்துல யாரும் நடக்கலாம். கோயில் வாசல்?

திருநெல்வேலின்னு பேர் வந்த கதை தெரியும்ல? நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல்லு மழையில நனையாம, சாமியே வேலி போட்டுக் காத்தாராம். அந்த நெல்லுக்கு நாத்து நட்டது யாரு, களை பறிச்சது யாரு? தாமிரபரணி வயக்காட்டுல குனிஞ்சு நின்ன அம்மாவும் மகளும்தான். அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தச் சாமி இருக்கிற கோயிலுக்குள்ள போக உரிமை இல்லை. தலித்துகளுக்கு மட்டுமில்ல, அந்தக் காலத்துல நாடார்களுக்கும் இதே கதிதான். அதைக் கேக்கப் போய்த்தான் 1899-ல சிவகாசியில பெரும் கலவரம். கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, 1908-ல நாடார்களுக்கு எதிராவே முடிஞ்சது.

1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள அவங்களை அழைச்சிட்டுப் போனார். அதைத் தொடர்ந்து ராஜாஜி அரசு சட்டம் கொண்டு வந்தது. 1947-ல வந்த சட்டம்தான் சென்னை மாகாணம் முழுக்கக் கோயில்களைத் திறந்துவிட்டது. கணக்குப் போட்டா, பாலம் வந்து 104 வருஷம் கழிச்சுத்தான் எல்லா அம்மாவுக்கும் எல்லா மகளுக்கும் வாசல் திறந்திருக்கு. ஆத்துக்குப் பாலம் கட்ட மூணு நாலு வருஷம் போதும். மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல பாலம் கட்டத்தான் ஒரு நூற்றாண்டு பத்தலை. சட்டம் வந்த அன்னைக்கே எல்லாம் சரியாகிட்டதுன்னும் நான் சொல்லலை.

சங்கிலி மண்டபம்னு நெல்லையப்பர் கோயில்ல ஒண்ணு இருக்கு. சாமி கோயிலும் அம்மன் கோயிலும் முன்ன தனித்தனியா இருந்துச்சு. 1647-ல வடமலையப்ப பிள்ளையன் இந்த மண்டபத்தைக் கட்டி ரெண்டையும் சேர்த்தார். அதுல நடக்கிறப்பல்லாம் எனக்கு இதுதான் தோணும்: தனித்தனியா இருந்ததைச் சேர்க்க ஒருத்தர் மெனக்கெட வேண்டியிருக்கு. தானா எதுவும் சேர்றதில்லை.

கொரோனாவால 2020-லயும் 2021-லயும் தேர் ஓடலை. 2022 ஆனியில திரும்ப ஓடுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசப் பயணம்னு அரசு அறிவிச்சிருந்தது. ஆக, பஸ்ஸுக்குக் காசு வேணும்னு யார்கிட்டயும் கையேந்தாம பல அம்மாக்கள் மகளைக் கூட்டிட்டுத் தேருக்கு வந்த முதல் வருஷம் அது. ஆச்சி இருந்திருந்தா, "தேருன்னு எதுக்குளா சொல்லணும், சும்மாவே போயிட்டு வா"ன்னு சொல்லியிருப்பாங்க.