காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்களுக்குக் கீழே பெட்ரோலியம் இருக்கிறதா என்ற தேடல் 1950களின் இறுதியில் தொடங்கியது. இன்றைய ஓ.என்.ஜி.சி. அப்போது எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையமாக இருந்தது. அது காரைக்காலில் 1964இல் துளையிட்டுப் பார்த்தது. வணிக அளவில் எண்ணெய் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1980களின் நடுவில் நன்னிலம், நாகூர் வட்டாரத்து நரிமணம் என்ற சிற்றூரின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. அதன்பின் அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பால், குத்தாலம் என்று எண்ணெய், எரிவாயு வயல்கள் வரிசையாகச் சேர்ந்தன. நரிமணம் எண்ணெயைச் சுத்திகரிக்க நாகூர் அருகே பனங்குடியில் சென்னை நிறுவனமான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுடன் 1993இல் ஓர் ஆலையைத் திறந்தது.

எரிவாயுவின் கதை வேறு. எண்ணெயை லாரியில் ஏற்றலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும், குழாயின் மறுமுனையில் வாங்க ஆளும் வேண்டும். விலையையோ டெல்லி நிர்ணயித்தது. எனவே காவிரிப் படுகை வாயு பக்கத்திலேயே செலவானது. மன்னார்குடி வட்டம் திருமக்கோட்டையில் சுமார் 108 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் எனத் தமிழ்நாடு மின்வாரியம் 2000களின் தொடக்கத்தில் எரிவாயு மின்நிலையங்களை அமைத்தது.

இந்தக் காலம் முழுவதும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கிணறு இருக்கும் இடத்தில் நாலைந்து ஏக்கர் மேடாக்கப்படும், சுற்றிலும் வேலி, லாரி வரச் சரளைச் சாலை, நடுவில் வால்வுகள் அடுக்கிய குழாய்த்தலை. சாலைக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு நடக்கும். வடிகால் அடைபட்டால் பக்கத்து வயல்காரர் முறையிடுவார். அரசு நிறுவனம், குத்தகைப் பணம் வருகிறது, சிலருக்கு வேலையும் கிடைக்கிறது என்று ஊர் பொறுத்துப்போனது.

நிலத்தடி எண்ணெய் வளம் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் வருகிறது. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியல். தரைப்பகுதியில் ஆய்வுக்கும் எடுப்புக்கும் உரிமம் தருவது மாநில அரசு. ஆனால் எந்த வட்டாரம், யாருக்கு, என்ன ஒப்பந்தம் என்பதை முடிவு செய்வது மத்திய அரசு. பின்னாளைய சண்டைகள் எல்லாம் இந்தப் பிளவிலிருந்து முளைத்தவை.

ஒப்பந்த முறை இரண்டு முறை மாறியது. தொடக்கத்தில் அரசு நிறுவனத்துக்கே ஏலமின்றி வட்டாரங்கள் ஒதுக்கப்பட்டன. 1999இல் நடைமுறைக்கு வந்த புதிய ஆய்வு உரிமக் கொள்கை தனியாரை ஏலத்துக்கு அழைத்தது. நிறுவனம் முதலில் செலவை எடுத்துக்கொண்டு மீதியை அரசோடு பகிரும் முறை அது. 2016 மார்ச்சில் வந்த ஹைட்ரோகார்பன் கொள்கை வருவாய்ப் பகிர்வுக்கு மாறியது. அதோடு கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றது. முதலீட்டாளருக்கு இது வசதி. டெல்டாக்காரருக்கோ, தன் ஊரில் எதை எடுக்கப்போகிறார்கள் என்பதே தெரியாத நிலை.

அதற்குள் மீத்தேன் திட்டம் டெல்டாக்காரர்களை எச்சரித்திருந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் 2010இல் மத்திய அரசோடும், 2011 ஜனவரியில் மாநில அரசோடும் ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரியோடு ஒட்டியிருக்கும் மீத்தேனை, அதன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் நீர்தான் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நீரை மாதக்கணக்கில் இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறைந்து வாயு வெளிவரும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி குறுவை போடுகிறவரிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதை ஒப்பந்தம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. இறைத்த உப்புநீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கேள்விகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் காலமானார். அதற்கு முன்பே, 2013 ஜூலையில், முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்திருந்தார். 2015 அக்டோபரில் அரசாணை மூலம் மீத்தேன் எடுப்புக்குத் தடை வந்தது.

2017 பிப்ரவரி 15இல் மத்திய அமைச்சரவை சிறு எண்ணெய், எரிவாயு வயல்கள் திட்டத்தில் 31 இடங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் ஒன்று டெல்டாவின் ஓரத்திலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். மறுநாளே ஊர் எதிர்த்துத் திரண்டது. அதே ஆண்டு ஜூன் 30இல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. போராட்டம், தடியடி, கைது என்று நிகழ்ந்தன. பல ஆண்டுகள் பொறுத்திருந்த ஊர் மாறியது.

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. ஊர் பேசுவதற்கு எஞ்சியிருந்த ஒரே இடமும் போயிற்று. பிப்ரவரி 9இல் சேலம் மாவட்டம் தலைவாசலில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். 20ஆம் தேதி சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுதும், கடலூர், புதுக்கோட்டையில் தலா ஐந்து ஒன்றியங்களும் அதில் அடங்கும். அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுக்க முடியாது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளைச் சட்டம் தொடவில்லை. போராட்டக்காரர்களின் முதல் குறை இதுதான், அது நியாயமான குறையும்கூட.

ஆனாலும் சட்டம் வேலை செய்தது. 2023 ஏப்ரலில் தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி உள்ளிட்ட மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் வந்தபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்தச் சட்டத்தைச் சுட்டிப் பிரதமருக்கு எழுதினார். சில நாள்களில் மூன்றும் நீக்கப்பட்டன.

நிலவியல் கணக்கில் காவிரிப் படுகை டெல்டாவோடு முடிவதில்லை, தெற்கே ராமநாதபுரம் வரை நீள்கிறது. அந்த மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு ஆகஸ்டில் அறிவித்தது. வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் ராமநாதபுரம் இல்லை.