ஒற்றைப்படிக வளர்ப்பு: குறைகடத்திகளும் தமிழ்நாடும்

எல்லா அணுக்களும் ஒரே ஒழுங்கில் அடுக்கி நிற்க, உள்ளே துண்டு துண்டாகப் பிரியாமல் வளர்ந்த திண்மம் ஒற்றைப்படிகம். சிப்பும் லேசர் டயோடும் இதன்மேல்தான் உருவாகின்றன. படிகத்தை வளர்ப்பதைவிடக் குறையில்லாமல் வளர்ப்பதே கடினம். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் குறைகளை விரட்டிய வரலாறுதான்.

பெர்லினில் பணியாற்றிய போலந்துக்காரர் யான் சொக்ரால்ஸ்கி 1916இல் உருகிய வெள்ளீயத்திலிருந்து மெல்லிய ஒற்றைப்படிக இழையை இழுத்தெடுத்தார். மைக்கூடு என்று நினைத்துப் பேனாவை உலோகக் குழம்பில் தோய்த்துவிட்டார் என்றொரு கதையும் உண்டு. அவர் அளக்க முயன்றது உலோகம் படிகமாகும் வேகத்தை. குறைகடத்திக்கு அந்த முறையை 1948இல் கொண்டுவந்தவர்கள் பெல் ஆய்வகத்தின் கார்டன் டீலும் ஜான் லிட்டிலும். முதலில் ஜெர்மேனியம், சில ஆண்டுகளில் சிலிக்கான்.

சிலிக்கான் 1414 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தக் குழம்பைத் தொட்டதும், இழுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு விதைப்படிகம் வெப்ப அதிர்ச்சியில் சிதைகிறது. அணுவரிசைப் பிறழ்வுகள் தோன்றிப் புதிய படிகத்துக்குள்ளும் நீள்கின்றன. 1950களின் இறுதியில் வில்லியம் டேஷ் இதற்கு எளிய வழி கண்டார். முதலில் சில மில்லிமீட்டர் தடிமனில் குறுகிய கழுத்தாக வேகமாக இழுத்தால், சாய்வாக ஓடும் பிறழ்வுகள் கழுத்தின் பக்கவாட்டில் வெளியேறிவிடும். அதன் பிறகே படிகத்தை அகலப்படுத்த வேண்டும். இன்றைய 300 மில்லிமீட்டர் சிலிக்கான் உருளைகளும் அப்படிப்பட்ட கழுத்தில் தொடங்குபவையே. இன்னொரு சிக்கல், குழம்பைத் தாங்கும் சிலிகா மூசையிலிருந்து (உருக்குக் கலத்திலிருந்து) கரைந்து வரும் ஆக்சிஜன். இது முழுப் பகையல்ல: உலோக மாசுகளைப் பிடித்து வைக்கவும் பயன்படுகிறது. மற்றொரு குறைகடத்தியான காலியம் ஆர்செனைடில் ஆர்செனிக் ஆவியாகித் தப்பும்; உருகிய போரான் ஆக்சைடு மிதந்து மூடியாக நின்று அதைத் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் 1980களில் மேட்டூரின் மெட்கெம் நிறுவனம், இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில், மூலப்பொருளான, பல சிறு படிகங்கள் சேர்ந்த பல்படிகச் சிலிக்கானைத் தயாரித்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் படிக வளர்ச்சி மையம் தோன்றியது. அதன் நிறுவன இயக்குநர் பேராசிரியர் பி. ராமசாமி. அங்கே காலியம் ஆர்செனைடு, இண்டியம் பாஸ்பைடு போன்றவையும் ஆராயப்பட்டன. எனினும் தமிழகக் கல்லூரிகளில் அதிகம் பரவியது, பொருளை நீர் போன்ற திரவத்தில் கரைத்துப் படிகமாக்கும் கரைசல் முறைதான். விலையுயர்ந்த உலை தேவையில்லை, பீக்கரும் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம். கே. சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005இல் வெளியிட்ட, அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட எஸ்.ஆர். முறை அந்த மரபில் வந்தது. கண்ணாடிக் குழாயின் அடியில் விதையை வைத்து, விரும்பிய ஒரே திசையில் படிகத்தை வளர்ப்பது அதன் உத்தி. சிலிக்கான் நீரில் கரையாது என்பதால், இது முதன்மையாக ஒளியியல் படிகங்களுக்கே உதவுகிறது.

ராமசாமி பின்னர் பணியாற்றிய களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியின் ஆய்வுக்குழு, சூரிய மின்கலங்களுக்கான பல்படிகச் சிலிக்கானில் இறங்கியது. குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கி உறையவைக்கும் உலையில் வெப்பத் தகைவையும் பிறழ்வுகளையும் எப்படிக் குறைக்கலாம் என்பதைக் கணினி மாதிரிகளால் அக்குழு ஆராய்கிறது.